காபி கொடுத்த கணக்கு

நன்னிலம் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு டீ குடிக்கிறவர்களில் ஒருவராவது ஒரு நட்சத்திரத்தை நேரில் சந்தித்தவராக இருப்பார். பொறுமையாகக் காது கொடுத்தால் இரண்டு பேர் தேறுவார்கள். வயது அறுபத்தைந்துக்கு மேல், தோளில் ஈரம் காயாத துண்டு, பக்கத்தில் மடித்த பேப்பர். பேப்பரில் ஏதாவது பழைய நடிகரின் நினைவு நாள் வந்திருந்தால் போதும், தொண்டையைச் செருமிக்கொள்வார். இவரைச் சினிமாப் பைத்தியம் என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் கதையைச் சரியாகக் கேட்பதில்லை. கேட்டால் ஒன்று புலப்படும்: அந்தக் கதையில் நட்சத்திரம் நட்சத்திரத்துக்குரிய எதையும் செய்வதே இல்லை. வசனம் பேசமாட்டார், வாள் சுழற்றமாட்டார், அழக்கூடமாட்டார். கார் நிற்கும், கண்ணாடி இறங்கும், அவருக்குத் தாகமாக இருக்கும், இவர் காபி கொடுப்பார். ஆளுக்கு ஆள் நட்சத்திரத்தின் பெயர்தான் மாறும், தாகம் மாறாது. இந்தத் தாகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் இவர் யார் என்பது விளங்கும். ரசிகர் என்ற பெயரில் நடமாடுகிற இவர், கடன் கொடுத்துவிட்டு இன்னும் வசூலாகாமல் உட்கார்ந்திருப்பவர்.

கார் வந்ததைச் சந்தேகிக்க இடமில்லை. நன்னிலம் வட்டம் நட்சத்திரங்கள் குடியிருக்கிற சீமை இல்லை என்றாலும் அவர்கள் கடந்துபோகிற சீமை. சனி பிடித்தால் திருநள்ளாறு, நேர்த்திக்கடனுக்கு வேளாங்கண்ணியும் நாகூரும், பிள்ளைக்கு எழுத்தறிவிக்கக் கூத்தனூர் சரஸ்வதி, பேரளம் பக்கம் திரும்பினால் திருமீயச்சூர் லலிதாம்பிகை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஜாதகம் மாறுகிற தொழிலில் இருப்பவர்கள் சனிபகவானிடம் மரியாதையாக இருப்பார்கள். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் மயிலாடுதுறையிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ கீழே இறங்கி வந்த ஒரு வெளியூர் அம்பாசடர், யாரிடமும் வழி கேட்காமல் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அதிசயம். ஆகவே கார் நின்றது, கண்ணாடி இறங்கியது, வழி கேட்டார்கள், மூன்றும் நடந்திருக்கக்கூடியவையே. சிக்கல் காபியில்தான் ஆரம்பிக்கிறது. சொல்லப்படுகிற காபி அத்தனையும் உண்மை என்றால், பேரளத்திலிருந்து சன்னாநல்லூர் வருவதற்குள் அந்த நடிகருக்குப் பித்தம் தலைக்கேறியிருக்கும்.

இந்தக் கதைக்கும் டெல்டாவின் மற்ற விளைச்சல்களைப் போலவே மூன்று பட்டம் உண்டு. டீக்கடையில் சொல்வது குறுவை. பஸ் வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்பதால் தாகம், காபி, "ரொம்ப நல்லாருக்கு" என்ற ஒரு பாராட்டு, இதோடு முடிந்துவிடும். கல்யாண மண்டபத்தில், பந்திக்கு இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்களிடம் சொல்வது சம்பா. அதில் காரின் நம்பர், சட்டையின் நிறம், டிரைவரின் சொந்த ஊர், டிகாக்‌ஷன் இறங்க எத்தனை நிமிஷம் ஆனது, எல்லாம் பால் பிடித்து முற்றியிருக்கும். ஏற்கெனவே கேட்டவர்களிடமே மறுபடி சொல்வது தாளடி. குறுவை அறுத்த அதே வயலில் மகசூல் கொஞ்சம் குறையும், ஆனாலும் சும்மா போட்டுவைக்க மனசு வராது. நிலத்தைப் போலவே இதற்கும் வாரிசுரிமை உண்டு. மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர், 1944-ல் வந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' பாகவதர், 1959-ல் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு பிறந்தவர்கள் பலர் இன்றைக்கும் அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கூர்ந்து கேட்டால் "நாங்க குடுத்தோம்" என்பார்கள். அந்த "நாங்க"வில் தாத்தா இருக்கிறார். பட்டா மாறுதல் முறைப்படி நடந்திருக்கிறது.

இதெல்லாம் வெறும் புளுகு, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று ஒருவர் கேட்கலாம். புளுகுவது என்று முடிவு கட்டியவன் ஒரு டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்வானா? நடிகர் தன்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார், வேஷம் தருகிறேன் என்றார், நான்தான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று மறுத்துவிட்டேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வேறு ஜாதிப் புளுகர்கள், அவர்களை ஊர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிடும். நம்மவர் காபிக்கு மேல் ஒரு காசு கூட்டமாட்டார். மிகைப்படுத்த வேண்டிய இடத்தில் இவ்வளவு சிக்கனமாக இருப்பவரைப் பொய்யர் என்று சொல்ல வாய் வரவில்லை. பொய்யே என்றாலும் அவருக்கு என்ன தேவைப்படுகிறது என்பதை அந்தப் பொய்யின் அளவு காட்டிக்கொடுக்கிறது. நட்சத்திரத்திடமிருந்து அவருக்கு எதுவும் வேண்டாம். நட்சத்திரம் தன்னிடம் ஏதாவது வாங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தஞ்சைச் சீமையில் வாசல்படி ஏறியவரைக் காபி குடிக்காமல் அனுப்பினால் அவமானம், குடித்துவிட்டுப் போனவர் அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு வேண்டியவர். வெள்ளித்திரையில் நாற்பதடி உயரம் நின்ற ஆளை ஒரு டபராவுக்குள் ஆற்றி இறக்கிவிட முடியும் என்றால் யார்தான் விடுவார்கள்?

இந்த மனசைப் படம் பிடித்தவரும் இந்த வட்டத்துக்காரர்தான். நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்த கே.பாலசந்தர் 1967-ல் 'பாமா விஜயம்' எடுத்தார். ஒரு சினிமா நடிகை பக்கத்தில் குடிவருகிறாள். அவளை வீட்டுக்கு அழைத்து உபசரித்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டுக்குடும்பத்தின் மூன்று மருமகள்களும் போட்டி போட்டுக்கொண்டு வீட்டை ஜோடிக்கிறார்கள், கடனாளி ஆகிறார்கள். டி.எஸ்.பாலையா மாமனாராக உட்கார்ந்து திணறுகிற அந்தப் படத்தை நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் டாம்பீகக் கதை என்று சொல்வது வழக்கம். டாம்பீகம் உண்டுதான். ஆனால் அந்த மருமகள்கள் நடிகையிடம் கேட்டது என்ன? கையெழுத்தா, சிபாரிசா? அவள் தங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார வேண்டும், அதுதான். ராஜஸ்ரீ நடித்த பாமா உட்கார்ந்துவிட்டால் இவர்கள் உயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே இந்தியில் 'தீன் பஹுராணியான்' என்று எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இந்த நோய்க்குக் காவிரித் தண்ணீர் மட்டும் காரணமில்லை என்றும் தெரிகிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. தமிழ்நாட்டு ரசிகன் பக்தன், நடிகனைக் கும்பிட்டே நாட்டைக் கையில் கொடுத்தவன், அவனைப் போய்க் கடன்காரனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைக்கலாமா என்பது அது. இதற்கு என் கணக்கு எளிது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். திருப்பதி போன ஆந்திர யாத்ரீகர்கள் அப்படியே பஸ் பஸ்ஸாகச் சென்னைக்கு வந்து, தியாகராய நகரில் என்.டி.ராமாராவ் வீட்டு வாசலில் நின்று தரிசனம் வாங்கிக்கொண்டு போனார்கள். கொடுத்தவர் அவர். 1982-ல் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆனார். எம்.ஜி.ஆரைப் பற்றி இந்தப் பக்கத்துக் கதைகளைக் கேட்டால் அவற்றில் காபி வராது. எதிரே நின்றவரைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதாகத்தான் எல்லாக் கதையும் போகும். கடன் கொடுக்க ரசிகனுக்கு அவர் இடமே தரவில்லை, கொடுக்கிற கை தன் கையாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார். 1977-ல் முதலமைச்சர் ஆனவர் 1987-ல் கண் மூடும்போதும் முதலமைச்சர். சிவாஜி கணேசன் கதை வேறு. சூரக்கோட்டைக்காரர், நம்ம வீட்டுப் பிள்ளை, ஆகவே டெல்டாவில் அதிகம் காபி குடித்தவர் அவர்தான். 1988-ல் தமிழக முன்னேற்ற முன்னணி தொடங்கி, 1989 சட்டமன்றத் தேர்தலில் திருவையாற்றில் நின்றார், தோற்றார். அவருக்குக் காபி கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் மட்டும் ஓட்டுப் போட்டிருந்தால் டெபாசிட் போயிருக்கும் எதிராளிக்கு. கட்சி, கூட்டணி, சின்னம் என்று தோல்விக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், எல்லாம் சரிதான். ஆனால் நம்ம வீட்டுக் காபியைக் குடித்தவர் வந்து ஓட்டுக் கேட்கும்போது, ஏற்கெனவே கொடுத்தாயிற்றே என்று ஒரு நினைப்பு வருமா வராதா?

சின்னத்திரை வந்தபின் கணக்கில் ஒரு மாறுதல். 1999-ல் 'சித்தி' ஆரம்பித்து, நட்சத்திரங்கள் இரவு தவறாமல் கூடத்துக்கே வர ஆரம்பித்த பிறகு காபியின் மதிப்பு விழுந்துவிட்டது. தினமும் வருகிறவருக்கு யார் காபி போடுவார்கள்? அந்த இடத்தை ஆலோசனை பிடித்தது. திருநள்ளாற்று வரிசையில் ஒரு சீரியல் நடிகை சிக்கினால் பெண்கள் அவரைக் கதாபாத்திரத்தின் பெயர் சொல்லி அழைத்து, "ஏம்மா, அந்த நகைய ஏன் நாத்தனாகிட்ட குடுத்த?" என்று உரிமையோடு கண்டிப்பார்கள். அவருக்குத் தாங்கள் ஒரு நல்ல புத்தி கொடுத்தாயிற்று, அடுத்த வாரம் கதை திரும்பினால் அது தங்கள் வரவு. ஆண்கள் கொடுத்தது காபி, பெண்கள் கொடுத்தது புத்தி, கடன் கடன்தான்.

செல்ஃபி இந்தத் தொழிலைக் கெடுத்தது என்பதில் ஐயமில்லை. இப்போது நட்சத்திரத்தைச் சந்தித்த பையனிடம் சாட்சி இருக்கிறது, கதை இல்லை. படத்தை நீட்டுகிறான், பார்க்கிறவர்கள் "அட" என்கிறார்கள், விரலால் தள்ளுகிறார்கள், அடுத்த படத்தில் அவன் தம்பி பிறந்தநாள் கேக். தவிர, செல்ஃபியில் கொடுப்பவர் நட்சத்திரம், பையன் பெற்றுக்கொண்டவன். பெரியவருக்கு அதுதான் பொறுக்காது. சாட்சி இல்லாததால் அவர் ஐம்பது வருஷமாகச் சொல்ல முடிந்தது. அவரிடம் இருக்கிற ஒரே பொருள் அந்த டம்ளர்: பித்தளை, விளிம்பு கொஞ்சம் வெளியே வளைந்தது, அடியில் வீட்டுப் பெரியவரின் இனிஷியல் புள்ளி புள்ளியாக வெட்டியது, ஒரு பக்கம் நசுங்கல். அதில்தான் நட்சத்திரம் குடித்தார், அன்றிலிருந்து அதை யாரும் எடுத்தது கிடையாது, பரணில் இருக்கிறது என்பார். கல்யாண மண்டபத்தில் சம்பா பட்டம் முற்றி அறுவடைக்கு நிற்கும்போது, நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிற அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்: "ஏங்க, அதைத்தான் பாத்திரக்காரன்ட்ட போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கியாச்சே." கூட்டம் சிரிக்கும். பெரியவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்வார்.

"அது வேற டம்ளர்."