முழுத்திரையும் சிறுதிரையும்: ஒரு மந்தவியல் ஆய்வு

கணினி விளையாட்டு முழுத்திரையில் ஓடும், விண்டோவில் தவழும். இதை மறுப்பார் யாருமில்லை. காரணம் கேட்டால்தான் ஆளுக்கொரு கட்சி. ‘ராம் பத்தலை’ என்பார் ஒருசாரார். ‘வைரஸ்’ என்பது பிரவுசிங் சென்டர் மரபு. இரண்டும் பொருந்தா. என்னை? அவை உண்மையாயின் முழுத்திரையிலும் மந்தம் தோன்ற வேண்டும். இன்னும் சொன்னால், விண்டோ சிறியதானால் வரைய வேண்டிய புள்ளிகளும் குறைவு. அதுவல்லவா வேகமாக ஓட வேண்டும்?

ஓடாமைக்குக் காரணம், இடையில் ஒருவர் இருக்கிறார். 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் அவர் பெயர் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர். முழுத்திரையில் விளையாட்டு அடுத்த படத்தை மறைவில் வரைந்து வைத்து, வேளை வந்ததும் இரண்டு படங்களின் முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஒரு புள்ளிகூட இடம்பெயராது. மேடையேறி மாப்பிள்ளை கையிலேயே கவரைத் திணிப்பது போல. விண்டோவிலோ மொய் எழுதுபவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தம் நோட்டில் நகலெடுத்து, கடிகாரம், டாஸ்க்பார், திறந்து கிடக்கும் எக்செல் எல்லாவற்றோடும் சேர்த்து, திரை புதுப்பிக்கும் நேரம் பார்த்தே அறிவிப்பார். விண்டோஸ் 7 வரை அவரை வீட்டுக்கு அனுப்ப வழியிருந்தது. 8 முதல் அதுவும் போயிற்று.

நகலின் கனம் என்ன? 1920-க்கு 1080 படம், புள்ளிக்கு 4 பைட் எனில் ஏறத்தாழ 8.3 எம்.பி. நொடிக்கு 60 படமென்றால் 500 எம்.பி.யை நெருங்கும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இதைப் பொருட்படுத்தாது. ராமைக் கடன் வாங்கிப் பிழைக்கும் ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்கு மூச்சு வாங்கும்.

எக்ஸ்பியில் இவர் இல்லையே எனின், நகல் அங்கும் உண்டு, கணக்கர்தான் இல்லை.

முழுத்திரைக்குள் பிறர் நுழையார் என்பதும் முழு உண்மையன்று. 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ விண்டோஸ் 7-இல் ஆடியவர்கள் சிவந்த புல்லும் ஊதா நீரும் கண்டிருப்பர். அதன் 256 நிறத் தட்டில் எக்ஸ்ப்ளோரர் கைவைத்ததன் விளைவு அது. பரிகாரம், டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரைக் கொன்றுவிட்டு ஆடுவது. ஆடி முடித்து வெளியே வந்தால் ஸ்டார்ட் பட்டனும் இல்லை, ஐகானும் இல்லை, திரை மொட்டை.

இவ்வளவு தெரிந்தும் விண்டோவில் ஆடுவோர் மூடரல்லர். முழுத்திரையில் ஆல்ட்-டேப் அடித்தால் திரை கறுத்து, மானிட்டர் யோசித்து, எக்செல் தெரிவதற்குள் மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். விண்டோவில் ஒரு கிளிக் போதும்.

விண்டோஸ் 11-இல் இதற்கென்றே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் டைரக்ட்எக்ஸ் 10, 11 விளையாட்டுகள் நகலின்றியே கைமாறும். பழைய 9-க்கு அந்தச் சலுகை இல்லை.

முழுத்திரைக்கு மாறியும் மந்தம் நீங்கவில்லை எனின், அது புது கிராஃபிக்ஸ் கார்டு பற்றிய வினா. அப்பாவிடம் கேட்க.