பிடித்தம் போக

"அதான் சம்பளத்துலயே பிடிச்சுட்டாங்களே, அப்புறம் எதுக்குய்யா ரிட்டர்ன்?" ஜூலை பிறந்தால் எங்கள் ஆபீஸ் டீக்கடையில் இந்தக் கேள்வியும் பிறந்துவிடும். கேட்பவர் வருஷா வருஷம் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காரர் என்பதுதான் எனக்குக் கவலை.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வியாபாரி வரி கட்டுகிறார். சம்பளக்காரனை யாரும் கட்டச் சொல்வதில்லை; எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளம் வங்கிக்கு வருமுன்பே டி.டி.எஸ். என்கிற வரிப் பிடித்தம் டெல்லிக்கு வண்டியேறிவிடும். அப்புறம், "ஐயா, என்னிடம் நீங்கள் எடுத்தது இவ்வளவு" என்று எடுத்தவர்களுக்கே நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு.

ஆனால் கம்பெனி பிடிப்பது உத்தேசக் கணக்குதான். அதற்குத் தெரிந்தது அது தரும் சம்பளமும், நாம் வாய்திறந்து சொன்னதும் மட்டுமே. நம் ஃபிக்சட் டெபாசிட் வட்டி அதற்குத் தெரியாது. வங்கி அந்த வட்டியில் 10 சதவீதம் பிடித்திருக்கும். நாமோ 20 சதவீத வரம்பில் உட்கார்ந்திருப்போம். டி.டி.எஸ். என்பது கல்யாணச் சமையல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ். ரிட்டர்ன் என்பது பந்தி முடிந்தபின் எண்ணுகிற இலைக்கணக்கு. மீதி வாங்குவதோ, மேலே கொடுப்பதோ அப்போதுதான் தெரியும்.

சம்பளச் சீட்டின் வலது பக்கத்தில் இருப்பதெல்லாம் வரி என்று நினைப்பவர் என் சித்தப்பா. பி.எஃப்., தொழில் வரி, டி.டி.எஸ். மூன்றையும் கூட்டி, "மோடி உன்கிட்ட இவ்வளவு எடுத்துட்டாரா?" என்பார். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமான பி.எஃப். என் பணம்தான், நான் கிழவனானதும் எனக்கே வரும். தொழில் வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய், போவது மாநகராட்சிக்கு. டெல்லிக்குப் போவது டி.டி.எஸ். ஒன்றுதான். முதலிரண்டையும் பழைய வரிமுறையில் கழித்துக் காட்டலாம். புதிய முறை இரண்டையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பழைய முறையில் இருந்தவர்களின் ஜனவரி மாதம் தனிக் காவியம். எல்.ஐ.சி. ரசீது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வாடகை ரசீது என்று ஹெச்.ஆர். கேட்க, ஆபீசே வீட்டு பீரோவைக் குடையும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். அதைக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் போகும் போக்கு இருக்கிறதே! "பான் எல்லாம் எதுக்கு சார்? உங்களுக்கு இந்த வீடு வசதிப்படலைன்னா சொல்லிடுங்க." அதனால், எங்கள் ஆபீஸ் ரசீதுகளை நம்புவதென்றால், வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் வாடகை ஒரே மாதிரி மாதம் 8,300 ரூபாய். பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், காரணம் புரியும்.

புதிய முறை வந்தபின் அந்த ரகளை அடங்கி வேறொன்று தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் "12 லட்சம் வரை வரி இல்லை" என்றார்கள். 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்தால் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை. தமிழ்நாடே அதை "ரிட்டர்னும் இல்லை" என்று காதில் வாங்கிக்கொண்டது. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்தாக வேண்டும். வரி பூஜ்யம் என்பதையும் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

இதில் சரியாக மாட்டியவன் என் அக்கா மகன். மாதம் ஒரு லட்சத்தில் இருந்தவன், 2025 அக்டோபரில் ஒன்றரை லட்சத்துக்குத் தாவினான். தீபாவளிக்கு வந்தவன் முகத்தில் அப்படி ஒரு களை. "மாமா, புது கம்பெனில டாக்ஸே பிடிக்கல. செம கம்பெனி!" என்றான். பழைய கம்பெனியும் பிடிக்கவில்லையாம். இரண்டுமே தப்புச் செய்யவில்லை. பழையது ஆண்டுக்கு 12 லட்சம் என்று பார்த்தது: வரி பூஜ்யம். புதியது ஆறு மாதத்துக்கு 9 லட்சம் என்று பார்த்தது: அதுவும் பூஜ்யம். முந்தைய சம்பளத்தைச் சொல்வதற்கென்று 12பி என ஒரு படிவத்தை ஹெச்.ஆர். அனுப்பியிருக்கிறது. பையன் அதைக் கேன்டீன் சர்வே என்று நினைத்து மூடிவிட்டான்.

ஜூலையில் ஆடிட்டர், இரண்டு கம்பெனியும் தந்த படிவம் 16 என்ற சம்பள-வரிச் சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 6 லட்சமும் 9 லட்சமும் 15 லட்சம். கழிவு இரண்டு கம்பெனியிலும் கொடுத்திருந்தாலும் ஆளுக்கு ஒன்றுதான். மிச்சம் 14.25 லட்சம். கால்குலேட்டரைத் தட்டி அவன் பக்கம் திருப்பினார். செஸ்ஸோடு 97,500 ரூபாய், வட்டி தனி. படிவத்தைப் பூர்த்தி செய்திருந்தால் புது கம்பெனி மாதம் 16,250 என்று நோகாமல் பிடித்திருக்கும். "மாமா, சம்பளம் ஏறினது தப்பா?" என்று கேட்டான். ஆடிட்டர் தலை நிமிராமலே, "என் ஃபீஸ் ரெண்டாயிரம் தம்பி" என்றார்.

இந்த நாட்டுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர். 1857 கிளர்ச்சியால் காலியான கஜானாவை நிரப்ப 1860இல் கொண்டுவந்தார்; அதே ஆண்டு கல்கத்தாவில் காலமானார். வரி நன்றாகவே இருக்கிறது. அதன் நினைவாக ஜூலை 24-ஐ வருமான வரி நாளாகக் கொண்டாடுகிறார்கள், கடைசித் தேதிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். கொண்டாடும் மனநிலையில் நாம் இருப்போம் என்று எப்படித்தான் நினைத்தார்களோ!

சிரிக்க முடியாத ஒரு விஷயமும் உண்டு. சில கம்பெனிகள் நம்மிடம் பிடிக்கும், அரசுக்குக் கட்டாது. பிடித்த வரியைத் தொழிலாளியிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் வரித்துறையின் கம்ப்யூட்டர் சட்டம் படிப்பதில்லை. நம் பெயரில் சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் இல்லாத பணம் அதற்கு இல்லாத பணம்தான். கட்டாத முதலாளியைக் கேட்காமல் சம்பளக்காரனுக்கு நோட்டீஸ் போவது, என்னைக் கேட்டால், அநியாயம். ஜூன் 15-க்குள் கம்பெனி தர வேண்டிய படிவம் 16-ஐ வாங்கி, 26ஏஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாக்கல் செய்த கையோடு ஆதார் ஓ.டி.பி.யையும் போட்டுவிடுங்கள். 30 நாளைத் தாண்டி உறுதி செய்தால், அந்தத் தேதிதான் தாக்கல் செய்த தேதியாகக் கணக்காகும். அது கெடுவுக்கு அப்பால் விழுந்தால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000.