கணக்கு சாருக்குக் கடன் போன ஓவிய பீரியட்

இந்த வாரத் தபாலில் தருமபுரி மாவட்டத்துக் கடிதங்களே அதிகம். எல்லாமே பள்ளிக்கூடத்தில் ஓவியம், பாட்டு, கூத்து பற்றியவை. எழுதியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். மகளை ஓவியம் படிக்க வைக்கும் யோசனை இருப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. கையில் பென்சில் இருந்தால் சோறு வேண்டாம் என்பாள். பதினொன்றில் ஓவியத்தையே ஒரு பாடமாக எடுக்க முடியுமா?
— ஒரு தாய், பாலக்கோடு

பதில்: மாநிலப் பாடத்திட்டத்தில் ஃபர்ஸ்ட் குரூப்பிலிருந்து கடைசி குரூப் வரை புரட்டினாலும் ஓவியம் கண்ணில் படாதம்மா. 1978-ல் பிளஸ் டூ வந்தது. தாவரவியல் உண்டு, கணக்குப்பதிவியல் உண்டு, மனையியல் உண்டு, சிறப்புத் தமிழ்கூட உண்டு. தொழிற்கல்விப் பிரிவில் துணி வெட்டித் தைக்கவும் வடிவமைக்கவும் சொல்லித் தருவார்கள். பென்சிலுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

சி.பி.எஸ்.இ. பட்டியலில் ஓவியம், கர்நாடக இசை, நடனம் மூன்றும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குரிய முழுப் பாடங்களாகவே இருக்கின்றன. உடனே டி.சி. வாங்கிவிடாதீர்கள். ஓட்டல் மெனு கார்டில் நாற்பது அயிட்டம் அச்சடித்திருக்கும், சர்வர் வந்து "இட்லி, பொங்கல்தான் இருக்கு" என்பார். அது போலத்தான் இதுவும். ஆசிரியர் இருக்கிறாரா என்று பள்ளியில் நேரில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுற்று வழி ஒன்று உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம் இருக்கிறது. லோயர், ஹையர் என்று இரண்டு படி. வெளியில் கற்றுக்கொண்டு எழுதலாம். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் இருப்பது 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. கும்பகோணத்தில் ஒன்று இருக்கிறது. கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் கை வைக்க ஆசை என்றால் மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி. உறவினர் கேட்டால், "டாக்டர் ஆரம்பிச்ச காலேஜ்ல சேர்க்கப் போறோம்" என்று சொல்லுங்கள். பொய்யில்லை.

கேள்வி: நான் ஓவிய ஆசிரியர். என் பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குகிறார். இதுவரை ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், பென்னாகரம்

பதில்: வட்டி கேளுங்கள், அசலாவது வரும். அல்லது பீரியடைக் கொடுத்துவிட்டு வகுப்பிலேயே நின்றுகொள்ளுங்கள். "வடிவியல் நடத்துங்க சார், போர்டுல வட்டம் நான் போட்டுத் தர்றேன்" என்று சொல்லுங்கள். காம்பஸ் இல்லாமல் ஒரே இழுப்பில் நீங்கள் வட்டம் போடுவதைப் பிள்ளைகள் பார்த்தால், அன்று யாருடைய பீரியட் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கணக்கு சாரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், ஐந்நூறு மார்க். அதில் ஓவியத்துக்குப் பூஜ்யம். ரிசல்ட் குறைந்தால் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு வாட்டர் கலர் வரவில்லை என்று எந்தக் கல்வி அதிகாரியும் கூட்டம் போட்டுக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் பகுதி நேர ஆசிரியராக இருந்தால் என் அனுதாபம் இரட்டிப்பு. 2012-ல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டு கழித்து 2024-ல் அது 12,500 ஆனது. அரை நாள் வேலை, அரைச் சம்பளம், அதிலும் பாதி பீரியட் கடன். மீதி இருக்கும் ஓவிய ஆசிரியரை நுண்ணோக்கி வைத்துத்தான் தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் சார் 'இயற்கைக் காட்சி' வரையச் சொன்னார். முக்கோணமாக இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை மரம் போட்டேன். பத்துக்கு எட்டு. ஆனால் ஜன்னலில் தெரியும் வத்தல்மலை முக்கோணமாக இல்லையே?
— ஏழாம் வகுப்பு மாணவன், தருமபுரி

பதில்: தம்பி, உனக்குப் பத்துக்குப் பதினொன்று. அந்த இரண்டு முக்கோணத்தையும் தமிழ்நாட்டில் வரையாத பிள்ளை கிடையாது. அந்த மலை எந்த ஊரில் இருக்கிறது என்று யாரும் கேட்டதும் கிடையாது. அடுத்த முறை ஜன்னலைப் பார்த்து வத்தல்மலையையே வரை. நீளமாக, மேடும் பள்ளமுமாக, எப்படித் தெரிகிறதோ அப்படியே. சார் "சூரியன் எங்கே?" என்று கேட்டால், "ரெண்டாவது பீரியட் சார், அது பள்ளிக்கூடத்துக்கு மேல போயிடுச்சு" என்று சொல்.

கேள்வி: கலைத் திருவிழாவில் என் மகன் மாவட்ட அளவில் இரண்டாம் இடம். கலை வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு தந்தை, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: மகனுக்கு வாழ்த்துகள். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய திருவிழா இது. தொடங்கியபோது பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படி. மேலே ஏறினால் கலையரசன், கலையரசி பட்டம். வெளிநாட்டுப் பயணம் என்றும் அறிவித்தார்கள். மேடையே பார்க்காத பிள்ளைகளுக்கு மைக் கிடைத்தது. ஊரில் அப்பா அடிக்கும் பறையைப் பள்ளிக்கூடத்தில் மறைத்து வைத்திருந்த பையன் அதை மேடையில் தூக்கி நின்றான். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். போட்டி இருக்கிறது, வகுப்பு இல்லை. பாடமே நடத்தாமல் தேர்வு வைப்பதை வேறு எந்தப் பாடத்துக்காவது ஒப்புக்கொள்வோமா? போட்டிக்கு மூன்று வாரம் முன்பு செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு, அதைப் பார்த்தே ஆடி, பரிசும் வாங்கி, மறுநாள் சலங்கையைக் கழற்றி டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஒருமதிப்பெண் வினாவுக்குத் திரும்புகிற பிள்ளைகள் நிறைய. உங்கள் மகன் எதில் பரிசு வாங்கினான் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் எழுதியிருந்தால் என் மகிழ்ச்சி கொஞ்சம் கூடியிருக்கும்.

கேள்வி: பாட்டு கற்றால் நீட்டில் மார்க் வருமா?
— அரூர்

பதில்: வராது. நீட்டுக்குப் படித்தால் பாட்டும் வராது. கணக்கு சரியாகிவிட்டது.

கேள்வி: மகன் எட்டாம் வகுப்பு. ஊருக்கு வந்த கூத்து ஜமாவோடு சுற்றுகிறான். "வேஷம் கட்டப் போறேன்" என்கிறான். படிப்பு கெட்டுப் போகாதா? பள்ளியில் ஏதாவது ஒரு கலையைப் பாடமாக வைத்திருந்தால் இவன் இப்படி ஓட மாட்டானே?
— ஒரு விவசாயி, நல்லம்பள்ளி

பதில்: ஐயா, உங்கள் கடைசி வரியில் பதிலில் பாதி இருக்கிறது. மீதியைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அவன் ஓடிப் போயிருக்கும் இடத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பகலெல்லாம் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடந்து, அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் சாய்கிறவரை ஒரு பையன் கூடவே இருந்தால் எத்தனை பாடம் கற்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். அரிதாரம் பூசுவதில் ஓவியம். கிரீடமும் புஜக்கட்டையும் செய்வதில் மரவேலை. முகவீணையோடும் மத்தளத்தோடும் பாட்டு. விடிய விடிய ஆட உடற்பயிற்சி. கட்டியங்காரனாக வந்து ஊர்த் தலைவரையே கிண்டல் செய்துவிட்டு அடி வாங்காமல் தப்பிக்கத் தெரிந்தால் அது அரசியல் அறிவியல்.

ஆனால் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிக் கதையும் நினைவில் இருக்கட்டும். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்தது அங்கேதான். பாட்டும் வசனமும் நடிப்பும் அந்தப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. எந்த வேஷம் வேண்டும் என்று மட்டும் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. குரல் இனித்தால் ஸ்திரீ பார்ட். மகரக்கட்டு உடைந்த அன்று ராணிக்குக் கிரீடம் போய்விடும். பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் வழி கண்டுபிடித்தார். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால். பத்து வயதிலேயே பள்ளியை விட்டு அப்பாவின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். கூத்து அவருக்குக் கிடைத்தது, பள்ளி கிடைக்கவில்லை. 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. அவரும் அவருடைய மனைவி ஹன்னே டி ப்ரூயினும் சேர்ந்து 2002-ல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். பாடப் புத்தகமும் உண்டு, அடவும் உண்டு. கூத்தா படிப்பா என்ற கேள்வியையே அங்கே எடுத்துவிட்டார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டி வந்த கலையில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ராஜ வேஷத்தில் இறங்கினார்கள். துரியோதனனுக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்கும். 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. தமிழ்நாட்டில் கலைக்கென்று ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்ததா என்று யாராவது கேட்டால் நான் காட்டும் இடம் அதுதான். பதினெட்டு ஆண்டு நடந்தது. அரசாங்கம் அதைப் பார்த்து மாவட்டத்துக்கு ஒன்று தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை.

ஆகவே மகனைத் தடுக்காதீர்கள். விட்டும் விடாதீர்கள். திங்கள் முதல் வெள்ளி பள்ளி, கோடை விடுமுறையில் கூத்து என்று வாத்தியாரிடமே பேசி முடிவு செய்யுங்கள். கூத்து வாத்தியார் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் பேசுவார். தன் பிள்ளையைப் படிக்க வைக்க அவர் படும் பாடு அவருக்குத் தெரியும்.

கேள்வி: நாதஸ்வரம் முறையாகக் கற்க வேண்டும். எங்கே போவது?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, காரிமங்கலம்

பதில்: கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உங்களுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பு, 12 வயது முதல் 25 வரை சேரலாம். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவு. தினம் பஸ் ஏற முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் "பொண்ணு நாதஸ்வரமா?" என்று கேட்டால் அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பி நின்று சாதகம் பண்ணுங்கள். முதல் ஆறு மாதத்து நாதஸ்வரத்தைவிடக் கடுமையான தண்டனை சட்டப் புத்தகத்தில் இல்லை.

கேள்வி: ஓவிய வகுப்பை வெளியே அழைத்துப் போக ஹெச்.எம். அனுமதி தந்துவிட்டார். ஒகேனக்கல்லைத் தவிர வேறு இடம் சொல்லுங்கள்.
— ஓர் ஆசிரியை, தருமபுரி

பதில்: அந்த ஹெச்.எம்.முக்கு மாலை போடுங்கள். ஒகேனக்கல் போனால் ஓவிய நோட்டு நனையும், மீன் வறுவலைப் பார்த்த பிறகு பென்சிலை யாரும் தொட மாட்டார்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் அகழ்வைப்பகத்துக்குப் போங்கள். வில்லும் வாளுமாக நிற்கிற நடுகல் வீரர்கள் எத்தனை மணி நேரமானாலும் அசையாமல் போஸ் கொடுப்பார்கள். மாட்டை மீட்கப் போய் விழுந்தவர்கள் பலர். அவர்களைச் செதுக்கியவர் உடற்கூறு படித்தவரில்லை, ஆனால் கால் ஊன்றிய விதத்தில் கோபம் தெரியும்.

அடுத்து சேலம் சாலையில் அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை மல்லாந்து படுக்கச் சொல்லிப் பார்க்க வையுங்கள். படுத்துக்கொண்டே நடத்தும் ஒரே வகுப்பு என்பதால் வருகைப் பதிவு நூறு சதவீதம் இருக்கும்.

நாய் பிரியர்கள் வகுப்பில் இருந்தால், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல் கதையைச் சொல்லுங்கள். எசமானன் விழுந்த இடத்தில் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்குக் கல்லில் பெயர் பொறித்திருக்கிறார்கள். பல்லவர் காலம். நம் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பெயர் அறிவிப்புப் பலகையில்கூட இருக்காது.

கேள்வி: 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி நம் மாவட்டம். முதலில் எழுத்து, பிறகு கலை என்பதுதானே முறை?
— ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மொரப்பூர்

பதில்: கணக்கு உண்மைதான் ஐயா, முறைதான் இடிக்கிறது. எழுத்துக்கு முன்பு பிள்ளை பள்ளிக்கு வர வேண்டும். நீங்களே தலைமை ஆசிரியராக இருந்தவர். எந்தப் பீரியட் இருக்கும் நாளில் கடைசி பெஞ்சு நிறைந்திருந்தது என்று மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள். கணக்குத் தேர்வு நாளிலா?

கேள்வி: எங்கள் பள்ளியில் ஓர் ஆர்மோனியம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி, ஓய்வு பெற்றுப்போன பாட்டு டீச்சரிடம் இருக்கிறது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி ஆண்டுதோறும் கையெழுத்துப் போடுகிறோம். என்ன செய்ய?
— ஒரு பட்டதாரி ஆசிரியர், கடத்தூர்

பதில்: பாட்டு டீச்சருக்குப் போன் போடுங்கள். சாவியை மட்டும் கேட்காதீர்கள், டீச்சரையும் சேர்த்து அழைத்து வாருங்கள். போகிற வழியில் டீ வாங்கிக் கொடுங்கள். பீரோவைத் திறந்ததும் உள்ளே எலி இருந்தால் ரிஜிஸ்டரில் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், ஆடிட்டில் கேட்பார்கள்.