இடது பக்கமே இழுக்குது, சார்!

கே: நாலு டயரும் புதுசாக மாற்றினேன். அன்றிலிருந்து என் கார் இடது பக்கமே இழுக்கிறது. டயர் கடையில் வீல் அலைன்மென்ட் செய்தார்கள், இழுத்தது. மறுபடியும் செய்தார்கள், மறுபடியும் காசு வாங்கினார்கள், மறுபடியும் இழுக்கிறது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி)

ப: இடது பக்கம் இழுக்கிற வண்டிக்குப் புளியமரம் தானாகவே கிடைக்கும், கவலை வேண்டாம். அதற்குள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள், ஐயா. முன் சக்கரங்கள் இரண்டையும் ரிம்மோடு கழற்றி இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இடது வலதுக்கு, வலது இடதுக்கு. பஞ்சர் கடையில் கால் மணி நேர வேலை. பிறகு அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இழுப்பு வலது பக்கம் மாறினால் குற்றவாளி டயர். இடது பக்கமே நின்றால் டயரை விட்டுவிட்டு வண்டியையும் ரோட்டையும் விசாரிக்கலாம். இழுப்பே காணாமல் போனால் காரணம் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

டயர் எப்படி ஐயா இழுக்கும் என்பீர்கள். அடுக்களையில் வாய் அகன்று அடி குறுகின எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்குமே, அதைத் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள். நேராகப் போகாது. அடிப்பக்கமாக வளைந்து வட்டம் போடும். ரேடியல் டயரின் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றியிருக்கும். தயாரிக்கும்போது அந்தப் பட்டை நடுவிலிருந்து ஒரு நூல் ஒதுங்கிவிட்டால், டயரின் ஒரு தோள் விறைப்பாகவும் மறு தோள் தளர்வாகவும் அமைந்துவிடும். கடையில் நிற்கும்போது பார்த்தால் லட்சணமான டயர். ரோட்டில் உருளும்போது டம்ளர். தொழிலில் இதை 'கோனிசிட்டி' என்பார்கள், கூம்புத்தனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அலைன்மென்ட் மெஷின் ரிம்மைக் கவ்விப் பிடித்து அதன் கோணத்தை அளக்கிறது. ரப்பருக்குள் பட்டை எங்கே கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பத்து தடவை ஏற்றி இறக்கினாலும் தெரியாது. மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருந்தால் அது ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயர். அதை இடவலமாக மாற்றாதீர்கள். அதே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் போட்டுப் பாருங்கள்.


கே: "புது டயர் அப்படித்தான் சார் இழுக்கும், 500 கிலோமீட்டர் ஓட்டினா சரியாயிடும்" என்கிறாரே கடைக்காரர்?
(பேங்க் ஊழியர், திருச்சி)

ப: "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடுவான்" என்று சொல்வோமே, அந்த ரகம். புது டயரின் மேல்தோலில் அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய வழுவழுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். அது தேயும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, பிடிமானம் குறைவு. மழையில் பிரேக்கை நம்பி நெருங்கிப் போகாதீர்கள். அது வரை அவர் சொன்னது நிஜம். ஒரே பக்கமாக இழுக்கிற டயர் மட்டும் ஓட ஓடத் திருந்தும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்குள் பில் எங்கே வைத்தீர்கள் என்பதுதான் மறந்துபோகும்.


கே: பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும்போது வலது முன்சக்கரத்துப் பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது. அதனால்தான் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்கிறார் என் மாமியார்.
(இல்லத்தரசி, மதுரை)

ப: பழத்துக்கே தெரிந்திருக்கிறது, அந்தச் சக்கரத்தில் ஏதோ சரியில்லை என்று. மாமியாரிடம் மறுத்துப் பேசாதீர்கள். அந்த டயரில் காற்று எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.


கே: அதென்ன, எது கேட்டாலும் காற்றைப் பார், காற்றைப் பார் என்கிறீர்கள்? புது டயரில் காற்று குறையுமா?
(பின்னலாடை வியாபாரி, திருப்பூர்)

ப: பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். சில வருஷத்துக்கு முன் என் காருக்கு டயர் மாற்றினேன். இடது பக்கம் இழுத்தது. கடையின் பெயர் வேண்டாம், அங்கே இரண்டு தடவை அலைன்மென்ட்டுக்கு அழுதேன். மூன்றாம் நாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், பக்கத்து வீட்டுப் பையன் தன் பிரஷர் கேஜை வைத்துப் பார்த்தான். வலது முன்சக்கரம் 38. இடது முன்சக்கரம் 26. கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கேட்டது 33.

நடந்தது இதுதான். புது டயரை ரிம்மில் உட்காரவைக்க முதலில் காற்றைக் கூடுதலாக ஏற்றுவார்கள். 'டப்' என்று விளிம்பு உட்கார்ந்ததும் அளவுக்குக் குறைக்க வேண்டும். கடைப் பையன் ஒன்றைக் குறைக்க மறந்தான், இன்னொன்றைக் கைக்கணக்கில் குறைத்தான். காற்று குறைந்த சக்கரம் அமுங்கி, தரையில் அதிகம் உரசி, தன் பக்கம் வண்டியை இழுக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளந்து, முன்சக்கரம் இரண்டையும் சமமாக்குங்கள். மற்ற சந்தேகமெல்லாம் அதற்குப் பிறகு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் இன்னும் ஒரு காபி பாக்கி.


கே: நைட்ரஜன் அடித்தால் இழுக்காதாமே?
(கல்லூரி மாணவர், சேலம்)

ப: நீங்கள் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், தம்பி. மிச்சத்துக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம். இழுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.


கே: அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். எல்லாக் கட்டமும் பச்சை. ஆனாலும் இழுக்கிறது. மெஷின் பொய் சொல்லுமா?
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

ப: பொய் சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், கோர்ட் சாட்சி மாதிரி.

பச்சை என்றால் கம்பெனி கொடுத்த வரம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இடது சக்கரம் அந்த வரம்பின் ஒரு முனையிலும் வலது சக்கரம் மறுமுனையிலும் நிற்கலாம். இரண்டும் பச்சை, ஆனால் இரண்டுக்கும் நடுவே சண்டை. அதனால் நிறத்தைப் பார்க்காதீர்கள். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கேம்பர் என்பது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். எந்தப் பக்கம் தலை அதிகமாக வெளியே சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். கேஸ்டர் என்பது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு. அது எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் போகும்.

இனி கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத ஒரு விஷயம். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் திருகித் திருத்தக்கூடியது 'டோ' ஒன்றுதான், அதாவது இரண்டு சக்கரமும் மூக்கை உள்ளே வைத்திருக்கிறதா வெளியே வைத்திருக்கிறதா என்பது. கேம்பரும் கேஸ்டரும் தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். முன்சக்கர டோ தப்பாக இருந்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் ரம்பம் மாதிரி தேயும். ஆனால் வண்டி விடாப்பிடியாக ஒரு பக்கம் இழுப்பதற்கு அது காரணமாவது அபூர்வம். ஆக, "அலைன்மென்ட் பண்ணியாச்சு" என்றால் பெரும்பாலும் டோவைச் சரிசெய்தாயிற்று என்று பொருள். தலைவலிக்குக் காலில் கட்டு போட்ட கதை. கேம்பர் நிஜமாகவே மாறியிருந்தால் எங்கோ பள்ளத்தில் விழுந்து ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. அதைத் தேட மெக்கானிக் வேண்டும், மெஷின் போதாது.


கே: வீல் பேலன்சிங் பண்ணினால் சரியாகுமா?
(வாடகை கார் ஓட்டுநர், கோவில்பட்டி)

ப: ஆகாது. அது கெட்டால் 80, 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். உங்கள் வண்டிக்கு நடுக்கமில்லை, பிடிவாதம்.


கே: பழைய டயரில் நேராகப் போன வண்டி புது டயரில் இழுத்தால் தப்பு டயர் மேல்தானே? இதில் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது?
(வழக்கறிஞர், நாகர்கோவில்)

ப: கட்சிக்காரருக்காகப் பேசுகிறீர்கள், சரி. குறுக்கு விசாரணைக்கு ஒரே ஒரு கேள்வி: உங்கள் பழைய செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? நடையில் ஒரு சாய்வு இருந்தால் செருப்பும் அந்தச் சாய்வுக்கே தேய்ந்து காலுக்கு இதமாகிவிடும். டயரும் அப்படித்தான். வண்டியின் கோளாறுக்கு ஏற்பத் தேய்ந்து, கோளாறை மறைத்தபடி 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். புது டயர் வந்ததும் குட்டு வெளிப்படுகிறது. பழைய டயர்களை விற்பதற்குள் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் உங்கள் கட்சிக்காரர் வழக்கில் வலுவில்லை.


கே: நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஊரில் எங்கள் கார் இடது பக்கம் ஒதுங்கும். இங்கே மகன் கார் வலது பக்கம் ஒதுங்குகிறது. அமெரிக்காவில் எல்லாமே தலைகீழா?
(கும்பகோணத்துப் பாட்டி)

ப: ரோடு மட்டும்தான், பாட்டி. மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுமுதுகைச் சற்று உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தியிருப்பார்கள். நம் ஊர்த் தார்ச்சாலையில் ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சரிவு. நாம் இடது ஓரம் போகிறோம், இடது பக்கம் சரிகிறோம். அவர்கள் வலது ஓரம், வலது பக்கம். லேசாக ஒதுங்கினால் கவலை வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

நம் ஊர்க்காரர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். இங்கே ரோடு பெரும்பாலும் இடது பக்கம்தான் இழுக்கும். உங்கள் கார் வலது பக்கம் இழுத்தால் நெடுஞ்சாலைத் துறையைத் திட்டமுடியாது.


கே: பிரேக் போட்டால் மட்டும் இழுக்கிறது. டயர்தானே?
(விவசாயி, தேனி)

ப: இல்லை, பிரேக். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் இழுத்தால் இன்ஜின் தள்ளும் விசை இரண்டு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. எதுவும் செய்யாமல் உருளும்போதும் இழுத்தால்தான் டயருக்கு வரவேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ரிம்களுக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தோசைக்கல் மாதிரி அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள்.


கே: காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. புதுசை முன்னால்தானே போடவேண்டும்? ஸ்டியரிங் அங்கேதானே இருக்கிறது?
(பள்ளி ஆசிரியை, ஈரோடு)

ப: பின்னால் போடுங்கள், அம்மா. ஊரே முன்னால் என்று சொல்லும், தெரியும். ஈர ரோட்டில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடிமானம் திரும்ப வாய்ப்புண்டு. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம் சுற்றும், அதைப் பிடிக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. டயர் கம்பெனிகளே புதுசைப் பின்னால் போடச் சொல்கின்றன. முன்னால் போகிற இரண்டும் ஒரே பிராண்டு, ஒரே பட்டன் (ரோட்டைத் தொடும் வரிவடிவம்), ஒரே அளவு தேய்மானமாக இருக்கட்டும். இடதில் ஒரு ஜாதி, வலதில் ஒரு ஜாதி என்று இருந்தால் அதுவே இழுக்கும்.

வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. ஜாதகம் பார்க்காமல் வாங்காதீர்கள்.


கே: நீங்கள் சொன்னபடி காற்றைச் சமமாக்கினேன், முன்சக்கரங்களை இடம் மாற்றினேன். இப்போது வலது பக்கம் இழுக்கிறது! கடைக்காரரிடம் சொன்னேன். "அப்போ கேம்பரைக் கொஞ்சம் தட்டிவிட்டு நேராக்கிடலாம் சார்" என்கிறார். செய்யலாமா?
(அதே தலைமையாசிரியர், மன்னார்குடி)

ப: வேண்டவே வேண்டாம். வினாத்தாள் தப்பு என்பதற்காக விடைத்தாளைத் திருத்துவீர்களா? நேராக இருக்கிற வண்டியை வளைத்தால் இழுப்பு அடங்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். அடுத்த டயர் போடும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும்.

இரண்டில் எது டம்ளர் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இப்போது வலது முன்னால் இருப்பதைக் கழற்றி வலது பின்னால் போட்டு, அங்கிருந்ததை முன்னால் கொண்டுவாருங்கள். ஓட்டிப் பாருங்கள். இழுப்பு நின்றால் பின்னால் போனதுதான் ஆள். நிற்காவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு, இடது பக்கம் இதையே செய்யுங்கள். ஆள் பின்னால் போனதும் வண்டி ஏறக்குறைய நேராகிவிடும், ஏனென்றால் பின்சக்கரத்தின் இழுப்பை ஸ்டியரிங் அவ்வளவாக உணராது.

நேராகிவிட்டதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இது நீங்கள் ஓட்டிக் கெடுத்த டயர் இல்லை, தயாரிப்பிலேயே வந்த குறை. பில்லையும், அந்த டயரின் பக்கவாட்டு எண்ணையும், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த விவரத்தையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, உங்கள் தலைமையாசிரியர் கையெழுத்தில், கடைக்காரரிடம் கொடுங்கள். வாரண்டியின் கீழ் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் ஒரு கையெழுத்து வாங்காமல் கடைப்படி இறங்காதீர்கள். பட்டன் தேயத் தேயக் கேட்பது கஷ்டம். இந்த வாரமே போங்கள்.