ஆடிக் காற்றில் அம்மி பறக்கட்டும், பைக்?

தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்ததும், தென்மாவட்ட பைக்காரர்களின் கேள்விகளும் கூடவே புறப்பட்டுவிடுகின்றன. பொறுக்கியெடுத்த சில இங்கே.

கேள்வி: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். என் ஸ்பிளெண்டர் பறக்குமா? (நாகர்கோவில் கல்லூரி மாணவர்)

பறக்காது. ஆனால் நீங்கள் கேட்காமலேயே லேன் மாறும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். பைக்கையும் அதில் உட்கார்ந்திருப்பவரையும் பக்கவாட்டில் பார்த்தால் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஐந்து வயதுப் பையன் ஒருவன் உங்கள் விலாவில் முழு எடையையும் சாய்த்துத் தள்ளிக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று 30 கிலோமீட்டராகக் குறைந்தால் பாதிப் பையன் என்று நினைக்கக் கூடாது, கால் பையன்தான். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும்.

வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்றால், இந்த 17 கிலோவைச் சமாளிக்க காற்று வரும் பக்கமாக ஐந்து டிகிரி சாய்ந்தால் போதும். அதனால் ஒரே சீராக வீசும் காற்றால் விழுகிறவர்கள் குறைவு. காற்று சட்டென்று வருவதும், அதைவிட, சட்டென்று நிற்பதும்தான் ஆபத்து.

கேள்வி: முப்பந்தலில் மட்டும் காற்றுக்கு அப்படி என்ன கோபம்? (பணகுடி வாசகர்)

கோபமில்லை, நெரிசல். அரபிக்கடலிலிருந்து வரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் மறித்து நிற்கிறது. தமிழ்நாட்டின் பக்கம் அதற்குக் கிடைக்கும் பெரிய வாசல்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மூன்று. முப்பந்தல் இருப்பது இந்த மூன்றாவது வாசலில். அகலமாக வந்த காற்று குறுகலான வாசலில் நுழைந்தால் வேகமெடுத்துத்தான் ஆக வேண்டும். காற்றாலைக்காரர்கள் முப்பந்தலிலும் உடுமலையிலும் தென்காசிப் பக்கத்திலும் போய்க் குவிந்தது சும்மா இல்லை. எங்கே காற்றாலை அடர்ந்து நிற்கிறதோ, அங்கே பைக்காரருக்கு எச்சரிக்கைப் பலகை தனியாக வேண்டியதில்லை.

கேள்வி: காற்று தள்ளும்போது ஹேண்டில்பாரை இரும்புப்பிடியாகப் பிடிக்கிறேன். வண்டி இன்னும் அதிகமாக ஆடுகிறது. ஏன்? (வள்ளியூர் வாசகர்)

இரும்புப்பிடியால்தான். காற்று உங்கள் தோளைத் தள்ளுகிறது, விறைத்த தோள் கையைத் தள்ளுகிறது, விறைத்த கை ஹேண்டில்பாரைத் திருப்புகிறது. காற்றின் வேலையை நீங்களே முடித்துக் கொடுக்கிறீர்கள்.

முழங்கையை மடக்கித் தளர விடுங்கள். முட்டியால் டேங்க்கை இறுக்குங்கள். உடம்பைக் கொஞ்சம் முன்னால் தாழ்த்துங்கள். காற்று இடப்பக்கமிருந்து வந்தால் இடது ஹேண்டிலை மெதுவாக முன்னோக்கி அழுத்துங்கள். வண்டி இடப்பக்கம் சாய்ந்து காற்றோடு சமாதானம் பேசிவிடும். இடது ஹேண்டிலை முன்னால் தள்ளினால் சக்கரம் வலப்பக்கம் அல்லவா திரும்பும் என்று கேட்பீர்கள். ஒரு நொடி அப்படித்தான் திரும்பும், அதனால்தான் வண்டி இடப்பக்கம் சாயும். சைக்கிள் கடை வைத்திருந்து பிறகு விமானம் விட்ட ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் இதைக் கவனித்திருக்கிறார். இடப்பக்கம் திரும்ப முதலில் என்ன செய்கிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டிகளிடம் கேட்டால், வலப்பக்கம் திருப்புகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். எல்லோரும் செய்வது அதைத்தான். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

கேள்வி: வேகமாகப் போனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகலாம் என்கிறான் நண்பன். (பாளையங்கோட்டை வாசகர்)

கிழிவது காற்றாக இருக்காது. பக்கக் காற்று 40 கிலோமீட்டர் என்றால், 80-ல் போகிறவர் மேல் விழும் பக்கத் தள்ளலைவிட 50-ல் போகிறவர் மேல் விழுவது கால் பங்குக்கும் மேல் குறைவு. அதோடு, நீங்கள் சுதாரிக்க எடுக்கும் ஒரு நொடியில் 80-ல் போகும் வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். 50-ல் போனால் 14 மீட்டர்தான். அதற்காக நடை வேகத்துக்கு இறங்கினாலும் வண்டி தள்ளாடும். கியரைக் குறைத்து எஞ்சினை இழுவையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் போவதுதான் வழி.

கேள்வி: காவல்கிணறு–நெல்லை நான்குவழிச் சாலையில் லாரியைத் தாண்டியதும் யாரோ அறைந்தது போல் இருக்கிறது. யார் அது? (நாங்குநேரி வாசகர்)

நெல்லை நோக்கி வடக்கே போகும்போது மேற்குக் காற்று உங்களுக்கு இடப்பக்கம். லாரியை வலப்பக்கமாக முந்தும்போது லாரி நடுவில் நின்று காற்றை மறைக்கிறது. அந்தச் சில நொடி உலகமே அமைதி. லாரியின் மூக்கைத் தாண்டியதும் மொத்தக் காற்றும் ஒரே அடியாக இடப்பக்கமிருந்து வரும், வலப்பக்கம் நடுத்தடுப்பு காத்திருக்கும். அறையப்போவது தெரிந்தால் பாதி வலி குறையும்: லாரியின் முன்முனை நெருங்கும்போதே தயாராக இருங்கள், முந்தும்போது லாரிக்கும் தடுப்புக்கும் நடுவில் இடம் விட்டு ஓட்டுங்கள்.

திரும்பி வரும்போது இன்னொரு கதை, இதைவிட மோசமானது. தெற்கே வருகையில் காற்று வலப்பக்கம். அதற்கு ஈடாக நீங்கள் வலப்பக்கம் சாய்ந்து வருகிறீர்கள். பின்னாலிருந்து ஓர் ஆம்னி பஸ் வலப்பக்கமாக உங்களை முந்துகிறது. பஸ்ஸின் சுவர் காற்றை அடைத்ததும் நீங்கள் சாய்ந்திருந்த ஆதாரமே போய்விடும். வண்டி பஸ் இருக்கும் பக்கமாகவே போகும். கண்ணாடியில் பஸ் தெரிந்ததுமே லேனின் இடப்பக்கமாக ஒதுங்கி, கையைத் தளர்த்தி, சாய்வை விடத் தயாராக இருப்பது நல்லது. ரொம்பவும் ஒதுங்கி வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மணலில் இறங்கிவிட வேண்டாம்.

மேம்பாலத்தின் உச்சி, தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம், வரிசையாக வந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து, இங்கெல்லாம் அதே லாரிக் கணக்குதான். பிரிட்டனின் சாலை விதி நூலே பாலங்களையும் வேலி இடைவெளிகளையும் பெயர் சொல்லி எச்சரிக்கிறது.

கேள்வி: எடை கூடினால் நல்லதுதானே? இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு டாப் பாக்ஸ் மாட்டலாமா? (மதுரை வாசகர்)

எடை நல்லதுதான். 195 கிலோ புல்லட் லேசான ஸ்கூட்டரைவிட அடக்கமாக நிற்கும். ஆனால் பெட்டி கொண்டுவருவது எடையை மட்டுமல்ல, பரப்பையும். உயரத்தில் பின்னால் துருத்தும் டாப் பாக்ஸ் காலியாக இருந்தால் அது பாய்மரம். சாமானைத் தாழ வைத்து இறுகக் கட்டுங்கள். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வருபவரின் முந்தானையும் துப்பட்டாவும் இதே கணக்கில் சேரும். பின்சக்கரத்தை மூடும் புடவைத் தடுப்பை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-லேயே கட்டாயமாக்கிவிட்டன. அழகாக இல்லை என்று கழற்றி வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை இன்றே மாட்டலாம்.

கேள்வி: காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாமா? (ஆலங்குளம் வாசகர்)

மரம் போதும். 1805-ல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காற்றை எண்களால் தரம் பிரித்தார். அதிலிருந்து வளர்ந்த அட்டவணை இன்றும் புழங்குகிறது. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமமானால் 39 முதல் 49 கிலோமீட்டர். மரம் முழுதாக ஆடினால் 50 முதல் 61. சுள்ளிகள் ஒடிந்து விழுந்தால் 62-க்கு மேல். அதற்குப் பிறகு பைக்கில் இருக்க வேண்டிய அவசரம் யாருக்கும் கிடையாது.

திசைக்கு ஊர்க்காரர்கள் காற்றாடி என்று சொல்லும் காற்றாலையே வழிகாட்டி. காற்றாலை எப்போதும் காற்றை நோக்கி முகம் திருப்பும். இறக்கைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கமிருந்துதான் அடி வரும். இன்னொன்று: பெரும்பாலான காற்றாலைகள் காற்று மணிக்கு 90 கிலோமீட்டரை எட்டினால் தாமே வேலையை நிறுத்திக்கொள்ளும். காற்றில் பிழைப்பு நடத்தும் இயந்திரத்துக்கே அந்த அறிவு இருக்கிறது.

கேள்வி: பாம்பன் பாலத்தில் பைக்கில் போகலாமா? (ராமநாதபுரம் வாசகர்)

1914-ல் திறந்து 2022 வரை ரயில் ஓடிய பழைய பாலத்தில், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் ரயிலை நிறுத்தி வந்தது. 1988-ல் திறந்த பக்கத்துச் சாலைப் பாலத்தில் பைக்காரருக்கு அப்படித் தானாக விழும் சிக்னல் இல்லை. ரயிலுக்கான அதே கணக்கை அவர் தாமே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் மறைப்பே இல்லாத கடல் வெளி அது. நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுக்கும் காரைச் சுற்றி விலகும்போதுதான் மேற்சொன்ன லாரி அறை இங்கேயும் கிடைக்கும்.

கேள்வி: ஆடி மாதம் நாகர்கோவிலுக்கு பைக்கில் போகலாம் என்றால் மனைவி வர மறுக்கிறார். என்ன சொல்லி அழைத்துப்போவது? (திருநெல்வேலி வாசகர்)

எதுவும் சொல்ல வேண்டாம். பஸ் இருக்கிறது, இரண்டு டிக்கெட் எடுங்கள்.