வாட்டர்வொர்க்ஸில் கோளாறு

பதினொரு வருடமாக மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். எனக்குப் பேசத் தெரியாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் வாயை மூடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டி, நோயாளியிடம் எனக்குப் பேச வருமா என்று சோதித்துச் சொல்லும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். இங்கிலாந்து ஆசைதான்.

ஓ.ஈ.டி. என்ற அந்தத் தேர்வை 1980களின் கடைசியில் டிம் மக்நமாரா என்ற மொழியியலாளர், ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டு டாக்டர், நர்ஸ்களுக்காக உருவாக்கினார். கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 500 மார்க். பிரிட்டிஷ் நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுத்தில் 300 போதும். மற்ற மூன்றிலும் 350 வேண்டும். “எல்லாருக்கும் இடிக்கிறது எழுத்துதான், அதான் தள்ளுபடி” என்றாள் என்னோடு கோச்சிங் வந்த கோட்டயத்துப் பெண். அவளுக்கு அது மூன்றாவது தடவை. தேர்வைப் பற்றி அவளுக்குத் தெரியாதது, அதில் தேறுவது ஒன்றுதான்.

கேட்கும் பகுதியில் ஆடியோ ஒரே முறைதான் ஓடும். முதல் பயிற்சியில் ஒரு பெரியவர், தன் வாட்டர்வொர்க்ஸில் கோளாறு என்றார். ஊரில் குடிதண்ணீர் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று நான் வாந்திபேதிப் பக்கம் போய்விட்டேன். அவருக்கு நீர்க்கடுப்பு. மூத்திரத்தைப் போய் ஒரு குடிநீர் வாரியமாக ஆக்கி வைத்திருப்பார்கள் என்று யார் கண்டது? நாம் மட்டும் என்ன, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்று கணக்கில் சொல்கிற ஆட்கள்தானே.

என்னிடம் இருந்ததெல்லாம் வார்டு இங்கிலீஷ். மோஷன் போச்சா, சுகர் இருக்கா, பிபி இருக்கா. “பிபி எல்லாருக்கும்தான் இருக்கும், இல்லாதவங்களை மார்ச்சுவரிக்கு அனுப்பிடுவாங்க” என்று கோச்சிங் சார் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது வலி. தமிழில் மூட்டு குடையும், தலை விண்விண் என்று தெறிக்கும், கால் கடுக்கும், வயிறு முறுக்கும், நெஞ்சு கரிக்கும். இது ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஆள் பிடிக்க வேண்டும். விண்விண்ணுக்கு த்ராபிங் கிடைத்தது. கால் மரத்து எறும்பு ஊர்வதை அவர்கள் பின்ஸ் அண்ட் நீடில்ஸ் என்கிறார்களாம். அந்தக் குளிரில் எறும்புக்கு எங்கே போவார்கள், பாவம். குடைச்சலுக்கு இன்றுவரை சரியான ஆள் சிக்கவில்லை.

எழுத்தில் கேஸ் ஷீட்டைக் கொடுத்து 180, 200 வார்த்தைக்குள் கடிதம் எழுதச் சொல்வார்கள். தேவையில்லாததை விட்டுவிட வேண்டும். டியூட்டி மாறும்போது பெட் ஆறின் மகளுக்கு வரன் பார்ப்பது வரை ஒப்படைக்கிற எங்களிடம் இது அநியாயம்.

பேச்சுத் தேர்வில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். ஐந்தைந்து நிமிடத்தில் இரண்டு காட்சி. நோயாளி தனியாக வருவார், அதுவே எனக்குப் பழக்கமில்லை. இங்கே பாட்டியிடம் கேள்வி கேட்டால் மூத்த மகன் பதில் சொல்வார், மருமகள் அதைத் திருத்துவார். தேர்விலோ நோயாளியின் கவலை என்னவென்று முதலில் கேட்க வேண்டும்; அதற்கென்றே மார்க் உண்டு. “ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்று ஊசியைப் போட்டுவிட்டுப் போகிற என் ஆறுதலை இங்கிலீஷில் சொன்னால், கவலையை மதிக்கவில்லை என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்களாம்.

சரி, வார்டிலேயே பழகுவோம் என்று ஒரு சாயங்கால டியூட்டியில், மறுநாள் ஆபரேஷனுக்கு இருந்த உசிலம்பட்டிப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாட்டி, உங்க மனசுல என்ன கவலை?”

பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அத ஏன் தாயி கேக்குற...”

கொழுந்தனார் ஏமாற்றி எழுதி வாங்கிய கிணற்றுப் பங்கில் ஆரம்பித்து, கோர்ட், வாய்தா, வக்கீலுக்காக விற்ற ரெண்டு ஆடு என்று போனது. ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை. எட்டு மணி மாத்திரை எட்டே முக்காலுக்குப் போனது. இன்சார்ஜ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, என் கவலை என்னவென்று கேட்காமலேயே நாலு வார்த்தை சொன்னார்.

ரிசல்ட் வந்தது. கேட்பது 370, வாசிப்பது 360. எல்லாருக்கும் இடிக்கும் எழுத்தில் 350. பேச்சில் 340.

பத்து மார்க்!

அந்த வாரம் கட்டுப் பிரிக்க வந்த பாட்டி, “என்ன தாயி, சீமைக்குப் போகலையா?” என்றார்.

“பேச்சுல பெயில் ஆயிட்டேன் பாட்டி.”

“பேச்சுலயா? நீயா? எம்புட்டு நேரம் குடுத்தாய்ங்க?”

“அஞ்சு நிமிசம்.”

“அஞ்சு நிமிசத்துல என்னத்தப் பேச முடியும்?” என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் வசதியாக உட்கார்ந்து, வாய்தாவில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.