பதிமூணு சைபர் நாப்பத்தஞ்சு

மழை ஓய்ந்து மாசி வெயில் ஏறினால் எங்கள் கட்டுத்தரையின் மண்சுவர் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் லேசான கரிப்பு, கூடவே ஒரு ஜில்லிப்பு. "மாட்டு மூத்தரத்த நக்கறயே, கண்ணு!" என்று ஆத்தா அதட்டுவாள். வேதியியல்படி அவள் சொன்னது சரிதான். மூத்திரத்திலும் சாணத்திலும் இருக்கும் நைட்ரஜனை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும், ஈரம் அதைச் சுவரில் ஏற்றும், வெயில் காயவைக்கும். அதுதான் வெடியுப்பு.

அந்த மண்ணைச் சுரண்டிப் போக ஓர் ஆள் வருவார். ஓட்டைப் பானையில் மண்ணைப் போட்டு நீர் ஊற்றி, வடிந்ததைச் சாம்பல் சேர்த்துக் காய்ச்சி ஆறவிடுவார். ஊசி ஊசியாக உப்பு கட்டும். மாரியம்மன் நோம்பிக்கு வேட்டுப் போடுகிறவர் அதற்காகக் காத்திருப்பார். அப்பாரு காசு கேட்டதில்லை. சுவர் கரைகிறதே என்று வைவதோடு சரி.

காசு பார்க்கத் தெரிந்தவர்கள் கங்கைக்கரையில் இருந்தார்கள். பீகாரில் நோனியா சாதியார் சுரண்டிக் காய்ச்சிய உப்பைப் பாட்னாவிலிருந்து படகேற்றி, ஐரோப்பியப் பீரங்கிகளுக்கு அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. பிளாசிப் போருக்கு மறுவருஷம், 1758இல், அந்த வியாபாரம் முழுவதையும் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பு அக்பர் அரண்மனையில் இதே உப்பைக் கரைத்துத்தான் குடிநீரைக் குளிரவைத்தார்கள்; கரையும்போது சூட்டை உறிஞ்சும் குணம் அதற்கு உண்டு.

இன்று கட்டுத்தரை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. தம்பி தக்காளிக்குச் சொட்டுநீரில் 'பதிமூணு சைபர் நாப்பத்தஞ்சு' விடுகிறான். மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: பொட்டாசியம் நைட்ரேட், தழைச்சத்து 13, சாம்பல்சத்து 45, வெளிநாட்டுச் சரக்கு. கப்பலேற்றி அனுப்பிய நாடு கப்பலில் இறக்கிக்கொள்கிறது. எனக்கோ பல் கூச்சம். டாக்டர் எழுதிக்கொடுத்த பேஸ்டில் அதே உப்பு, நூற்றுக்கு ஐந்து பங்கு. காலையும் ராத்திரியும் வாயில் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஆத்தா அதட்டியதற்கு நான் இப்போது பில் கட்டுகிறேன்.

தம்பி அந்த மூட்டையை டீசல் கேன் மேல் சாய்த்து வைத்திருந்தான். உங்கள் தோட்டத்திலும் அப்படி இருந்தால் இன்றைக்கே நகர்த்தி வையுங்கள். பேர் நம்பராகிவிட்டாலும் உள்ளே இருப்பது வெடியுப்புதான்.